முதலில் வர வேண்டிய கல்

அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தது கத்திரி வெயில் தொடங்கி நாலாவது நாள். சனிக்கிழமை, மத்தியானம். ரயில்வே லைனுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எங்க வீட்டுக்காரர் வண்டியில் வந்து நின்றார். பின்னால் ஒரு தொப்பிக்காரர். தோளில் காக்கித் துணிப் பை. பைக்கு வெளியே ஒரு சுத்தியலின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் பார்த்தது அந்தச் சுத்தியலைத்தான்.

எங்க வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தோல் பதப்படுத்துகிற டிரம் ஓட்டுகிறவர். யார் என்ன வழி கேட்டாலும் கூடவே போய்க் காட்டிவிட்டு வருகிற ரகம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இந்த மனிதர் சுட்ட மலைக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார். அது எங்க ஊர் மலைதான் சார் என்று இவர் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். சார் தெற்கே ஏதோ ஒரு காலேஜில் கல்லு, பாறை பற்றிப் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவராம். வேலூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கிறாராம். சுட்ட மலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா என்று பார்க்க வந்திருக்கிறாராம்.

எனக்கு ஒன்றும் சரியாகப் படவில்லை. மலைப்பக்கம் புதையல் தேடுகிறவர்கள், சாமி கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்கள் பற்றிக் கேள்விப்படாதவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. இந்த வெயிலிலா சார் மலை ஏறுவாங்க என்று கேட்டேன்.

"மழை பெஞ்சா புல்லு மூடிரும்மா. இப்பத்தான் பாறை வெறுமையாத் தெரியும்" என்றார்.

பதில் தயாராக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். வேண்டாம்மா, தண்ணி போதும் என்றார். ஒரு வீட்டில் காபி குடித்தவன் அந்த வீட்டுக்குக் கெடுதல் செய்யத் தயங்குவான் என்பது என் எண்ணம். அதைத் தள்ளி வைத்தவரை நான் அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மலைக்குப் போவதாகப் பேச்சு. நானும் வர்றேன் என்றேன். எங்க வீட்டுக்காரர் சிரித்தார். "இந்த வெயில்ல உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார். மலையில் எங்கள் சாமி இருக்கிறார். அதுதான் காரணம்.

அந்தச் சாமியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். சுட்ட மலை என் மாமனார் ஊருக்கு மேலே நிற்கிறது. மற்ற மலைகள் மாதிரி இல்லை. பாறை முழுக்க கரி ஏறிய தோசைக்கல் நிறம், அதனால்தான் அந்தப் பெயர். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறையில் வெடிப்பு இருக்கிறது. முழங்கை வரை கை உள்ளே போகும். அதற்குள்தான் எங்கள் பிள்ளையார். தும்பிக்கை, தொப்பை வைத்த பிள்ளையார் இல்லை. உள்ளங்கை அளவுக் கருங்கற்கள். ஒரு முனை கூம்பியிருக்கும், இன்னொரு முனை பட்டையாக இருக்கும், உடம்பு வழவழவென்று இருக்கும். எங்கள் பக்கத்தில் ஏர் ஓட்டும்போது நிலத்தில் அப்படி ஒரு கல் கிடைத்தால் அது பிள்ளையார். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணக் கூடாது, வெடிப்புக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது.

சித்திரை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, வீட்டு மூத்த மருமகள் தலைக்குக் குளித்து, செருப்பில்லாமல் ஏறி, உள்ளே கையை விட்டு ஒவ்வொருவராக வெளியே எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, எண்ணெய் தடவி, பொட்டு வைத்து மறுபடியும் உள்ளே வைக்க வேண்டும். அவளைத் தவிர வேறு யார் கையும் படக் கூடாது. முதலில் பெரியவர்தான் வர வேண்டும். அவர் மற்றவர்களை விட உருவத்தில் பெரியவர் இல்லை. கண்ணுக்கு எல்லோரும் ஒன்றுதான், வருஷக்கணக்கான எண்ணெயில் எல்லோரும் ஒரே கறுப்பு. ஆனால் பெரியவருக்கு வயிற்றுப் பக்கம் விரல் அகலத்துக்கு ஒரு சொரசொரப்பு உண்டு, பாதி தேய்ந்த உப்புத்தாள் மாதிரி. இருட்டில் கையை விட்டு அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர் முதலில் வந்தால் வீட்டுக்கு அந்த வருஷம் நல்லபடியாகப் போகும்.

கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருஷமும் நான் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. என் கை அப்படி. ஷூ ஃபேக்டரியில் எனக்கு செலக்‌ஷன் வேலை. தோலைத் தடவிப் பார்த்து நல்லதையும் ரிஜெக்டையும் பிரிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சியை என் விரல் சொல்லும். சூப்பர்வைசரே, இது எப்படிம்மா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். எல்லாம் பெரியவர் கொடுத்த கை என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு விடிந்ததும் ஏறினோம். அந்தச் சாருக்கு வயசானாலும் நடை வேகம். ஆங்காங்கே நின்று சுத்தியலால் பாறையைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, கண்ணில் ஒரு சின்ன லென்ஸை வைத்துச் சில்லைப் பார்ப்பார். பேப்பரில் சுற்றி, மேலே ஏதோ எழுதி, பையில் போடுவார். ஒவ்வொரு தடவையும் அவர் கை பைக்குள் போய் வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்பது மணிக்கே பாறை காய ஆரம்பித்துவிட்டது. சாமி மலை என்பதால் எங்க வீட்டுக்காரரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். நிழல் தேடித் தேடிக் குதித்துக் குதித்து வந்தார். நான் சாதாரணமாக நடந்தேன். எனக்குச் சுடவில்லை. இரண்டு மூன்று வருஷமாகவே அப்படித்தான். பெரியவர் என்னைத் தாங்குகிறார் என்று நம்பினேன். அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

"அம்மா, கால்ல ரத்தம்" என்றார் பின்னால் வந்துகொண்டிருந்த சார்.

திரும்பிப் பார்த்தேன். கறுப்புப் பாறையில் நான் வந்த வழியெல்லாம் திட்டுத் திட்டாக ஈரம். குதிகாலில் ஒரு வேலமுள் ஏறி உள்ளேயே உடைந்திருந்தது. உட்கார்ந்து பிடுங்கி எறிந்தேன். வலிக்கலையாம்மா என்று கேட்டார். சாமி மலையில் வலிக்காது சார் என்றேன். அவர் என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி வாய் திறந்து, மூடிக்கொண்டார். இவர் எதையோ மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்று அதையும் என் கணக்கில் சேர்த்தேன்.

உச்சிக்குப் போனதும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "கொதிச்ச குழம்பும்மா இது ஒரு காலத்துல. பூமிக்குள்ள இருந்து வந்தது" என்று பாறையைத் தட்டினார். வாய் திறந்து வெடித்ததா, உள்ளேயே ஆறிப்போனதா என்பதுதான் தெரியவில்லை, அதைத்தான் பார்க்கிறேன் என்றார். என்னைக் கேட்டிருந்தால் நேராகவே சொல்லியிருப்பேன், பெரியவர் உட்காருவதற்காக ஆறியிருக்கும்.

அங்கே ஒரு தட்டையான பாறை இருக்கிறது. அதில் நீள நீளமாகப் பள்ளங்கள், சின்னப் படகு மாதிரி. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், குருவி குடிக்கும், அவ்வளவுதான் நாங்கள் கண்டது. அதைப் பார்த்ததும் அந்த மனிதருக்குக் குரலே மாறிவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். இரும்பு என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்து ஜனங்கள் இங்கே உட்கார்ந்து, மணலும் தண்ணீரும் போட்டு, கருங்கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கோடாலி செய்திருக்கிறார்கள் என்று சொன்னார். எத்தனை பேர் எத்தனை நாள் தேய்த்திருந்தால் பாறை இப்படிக் குழியும் பாருங்கம்மா என்றார். பக்கத்து மண்ணைக் கையால் விலக்கினார். கறுப்பும் சிவப்புமாக ஓட்டாஞ்சில்லுகள் வந்தன. அதையும் பேப்பரில் சுற்றினார்.

அப்புறம் எழுந்து, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார், இப்படித் தேய்ச்ச கல்லு இந்தப் பக்கம் யாரிடமாவது இருக்கிறதா என்று.

எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு இல்லை என்றேன். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தூரத்தில் பாலாற்று மணலைப் பார்த்தேன்.

இறங்கும்போது வெடிப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். அதன் வாயில் மஞ்சளும் எண்ணெயும் வழிந்து காய்ந்திருக்கும், மறைக்க முடியாது. சார் நின்றார். பார்த்தார். ஒன்றும் கேட்காமல் நடந்தார். கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. பாதி தூரம் இறங்கியதும், தண்ணி பாட்டிலை மேலயே வச்சுட்டேன், நீங்க நில்லுங்க என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏறிப் போனார். கால் மணி நேரம் கழித்து வந்தார். கையில் பாட்டில் இருந்தது. பை முன்னைவிடத் தாழ்ந்து தொங்குவதாக எனக்குத் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்திரைக் கடைசி வெள்ளி. ஜோலார்பேட்டையிலிருந்து என் ஓரகத்தி வந்திருந்தாள். கொழுந்தனார் ரயில்வேயில் வேலை பார்ப்பதால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் ஏறினோம். ஓரகத்தி அம்மா அப்பா என்று கத்திக்கொண்டு பாறை பாறையாகத் தாவினாள். "அக்காவுக்குக் கால் சுடவே இல்ல பாருங்க மாமா. சாமி எறங்கியிருக்குது" என்றாள். எனக்கு அது இனிப்பாக இருந்தது.

கற்பூரம் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். முதல் கல் வழவழப்பு. அடுத்தது வழவழப்பு. அதற்கடுத்ததும். புரட்டிப் புரட்டித் தடவினேன். ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பத்திலிருந்து தடவினேன். எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. எங்க வீட்டுக்காரர், இன்னா இவ்ளோ நேரம் என்று கேட்டார். கடைசியில் ஒன்றை எடுத்தேன். அது பெரியவர் இல்லை என்று எடுக்கும்போதே தெரிந்தது. ஒவ்வொருவராக எல்லோரையும் வெளியே எடுத்து வாழை இலையில் வைத்தேன். யாரிடமும் அந்தச் சொரசொரப்பு இல்லை.

பெரியவர் இல்லீங்க, யாரோ மாத்தி வச்சிருக்காங்க என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

எங்க வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். எல்லாம் அதே கல்லுதானே என்றார்.

"கண்ணுக்கு இன்னா தெரியும்? எனுக்குக் கை சொல்லுது."

ஓரகத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் ஒரு வாட்டி தொட்டுப் பாக்கட்டுமாக்கா?" என்றாள்.

கூடாது என்றேன். மூத்த மருமகள் கைதான் படலாம். அது முறை. அது மட்டும் இல்லை, இவ்வளவு சீக்கிரம் அவள் கையை நீட்டியது ஏன் என்று அவள் மேலேயும் ஒரு சந்தேகம் ஓடியது. ரொம்ப வருஷமாகவே அவளுக்கு இந்த உரிமை மேல் ஒரு கண் என்று எனக்கு எண்ணம். அன்றைக்கு அவளைத் தொட விட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

கீழே வந்ததும் விஷயம் அடிவாரத்து டீக்கடைக்குப் போய்விட்டது. நான்தான் சொன்னேன். ஊர் ஆண்கள் கூடிவிட்டார்கள். அந்தத் தொப்பிக்காரனைக் கூப்பிடு என்றார்கள். எங்க வீட்டுக்காரர் போன் செய்தார். ஓடிப்போவார் என்று நினைத்தேன். அவர் மத்தியானத்துக்குள் பஸ் பிடித்து அதே பையோடு வந்து நின்றார்.

புளியமரத்தடியில் பையைக் கொட்டினார்கள். பேப்பர் பொட்டலங்கள், ஓட்டாஞ்சில்லுகள், லென்ஸ், சுத்தியல், ஒரு நோட்டு, மாத்திரை அட்டை. எங்கள் கல் இல்லை. லாட்ஜில் வைத்திருப்பான் என்றார் ஒருவர். இந்நேரம் கை மாறியிருக்கும் என்றார் இன்னொருவர். போலீசுக்குச் சொல்லலாம் என்று பேச்சு வந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். யாரும் நிழலுக்கு வரச் சொல்லவில்லை.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நீ சொல்லு அண்ணி, உனக்கு நிச்சயமா என்று கேட்டார்கள். ஒரு மனிதருடைய நல்ல பெயர் அப்போது என் ஒரு சொல்லில் இருந்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை.

"வேற யாரும் அங்க போவல. இவரு தனியாப் போனாரு. பெரியவர் இல்ல. என் கை பொய் சொல்லாது" என்றேன்.

அவர் என்னிடம் மட்டும் பேசினார். "நான் கையை உள்ள விடலம்மா. வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு வந்தேன். அவ்வளவுதான்."

யாரும் கேட்கத் தயாராக இல்லை. கல் திரும்பி வரும்வரை பை இங்கேயே இருக்கட்டும், இனி இந்தப் பக்கம் காலை வைக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் நோட்டையும் மாத்திரையையும் மட்டும் கேட்டார். மாத்திரையைக் கொடுத்தார்கள். நோட்டைக் கொடுக்கவில்லை. எங்க வீட்டுக்காரர்தான் அவரை வண்டியில் வைத்து பஸ் ஸ்டாண்டில் விட்டார். திரும்பி வந்து என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நம்ம வீட்டுக்கு வந்த மனுஷன் என்று ஒரே ஒரு தடவை சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அதற்கப்புறம் எனக்கு நிம்மதி இல்லை. சாமி விளக்கு ஏற்றினால் திரி நிற்கவில்லை, பால் திரிந்தது, எல்லாவற்றுக்கும் பெரியவர் போனதுதான் காரணம் என்று இருந்தேன். ஃபேக்டரியிலும் சிக்கல். நான் நல்லது என்று ஒதுக்கிய தோலில் பாதி கட்டிங்கிலிருந்து திரும்பி வந்தது. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு இன்னாம்மா ஆச்சு உனக்கு என்றார். என் பக்கத்து மேஜைக்கு அப்போதுதான் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அவள்தான் என் தோல் கட்டையும் தன் தோல் கட்டையும் மாற்றி வைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மத்தியானம் சாப்பாட்டைக்கூட மேஜையிலேயே வைத்துச் சாப்பிட்டுக் காவல் காத்தேன். அன்றைக்கும் தோல் திரும்பி வந்தது.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும், ஃபேக்டரியில் மருத்துவ முகாம் போட்டார்கள். வரிசையில் நின்றேன். ரத்தத்தில் சர்க்கரை பார்த்த நர்சம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். டாக்டரம்மா செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலில் அந்த முள் ஏறிய இடம் இன்னும் ஆறாமல் வாய் திறந்தே இருந்தது. எப்போது ஏறியது என்றார். சித்திரையில் என்றேன். வலிக்கவில்லையா என்றார். அந்த மனிதர் கேட்ட அதே கேள்வி.

அப்புறம் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் நூல் மாதிரி ஒன்றால் தொடுவேன், தொட்டால் சொல்லுங்கள் என்றார். நான் காத்திருந்தேன். கால் முடிந்து கைக்கு வருவதாகச் சொன்னார். விரல்களை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். நீங்க இன்னும் தொடவே இல்லையே டாக்டர் என்றேன்.

"கண்ணைத் திறங்கம்மா" என்றார்.

நூல் என் ஆள்காட்டி விரல் நுனியில் வளைந்து நின்றுகொண்டிருந்தது.

சர்க்கரை ரொம்ப நாளாக இருக்கிறது, நரம்பு மரத்துப் போயிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அதற்கு மேல் காதில் விழவில்லை. பாறை சுடாதது, முள் வலிக்காதது, போன மாதம் தோசைக்கல்லில் பட்டுக் கொப்புளம் வந்தது எப்போது என்றே தெரியாமல் போனது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பெரியவர் என்னைத் தாங்குகிறார் என்று நான் நினைத்ததெல்லாம் இதுதானா. அப்படியானால் வெடிப்புக்குள் அவர் என் கையில் பட்டும் நான்தான் கண்டுகொள்ளவில்லை.

ஃபேக்டரி பாத்ரூமில் போய் அழுதேன். நோய் வந்ததற்காக இல்லை. சாமி பெயரைச் சொல்லி ஒருவரை வெயிலில் நிறுத்தினேனே, அதற்காக.

மறுநாள் லீவு போட்டு, எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். டாக்டரம்மா சொன்னபடி செருப்புப் போட்டுக்கொண்டு ஏறினேன். வெடிப்புக்குப் பத்தடி முன்னாலேயே அதைக் கழற்றும்போது, மன்னிச்சுக்கோ அப்பா என்று சொல்லிக்கொண்டேன். உள்ளேயிருந்து ஒவ்வொருவராக எடுத்தேன். விரலை நம்பவில்லை. முந்தானையில் எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். முதல் கல் வழுக்கியது. இரண்டாவது வழுக்கியது. ஐந்தாவதோ ஆறாவதோ, எண்ணக் கூடாது, கன்னத்தில் பூனை நக்கிய மாதிரி இழுத்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கல்லைக் கன்னத்திலிருந்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை. எரிந்து, குழம்பாகி, ஆறி, யாரோ பள்ளத்தில் வைத்துத் தேய்த்து, ஏர்முனையில் வந்து, எங்கள் கைக்குக் கிடைத்தவர். எங்கேயும் போகவில்லை. இருந்த இடத்தில்தான் இருந்தார்.

கீழே டீக்கடைக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. போன் பண்ணி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதாதா என்று இறங்கும் வழியெல்லாம் மனசு சொன்னது. ஆனால் நான் பழி போட்டது போனில் இல்லை. அதே புளியமரத்தடியில், அதே ஆட்கள் இருக்கும்போது, பெரியவர் உள்ளதான் இருக்காரு, என் கைதான் செத்துப்போச்சு, அந்தச் சார் மேல ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். ஒருவர், அன்னிக்கு அவ்ளோ உறுதியாச் சொன்னியே அண்ணி என்றார். ஆமாம் என்றேன்.

பையைக் கேட்டேன். டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்து வந்தார். சுத்தியலால் கரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டாஞ்சில்லுகளை மரத்தடியிலேயே விட்டிருந்தார்கள். கறுப்பும் சிவப்புமாக எது பழையது எது நேற்று உடைந்த பூந்தொட்டி என்று எனக்குத் தெரியாது, எல்லாவற்றையும் பொறுக்கினேன். நோட்டில் பின்பக்கத் தாள்கள் போண்டா மடிக்கக் கிழிக்கப்பட்டிருந்தன. எழுதிய பக்கங்கள் தப்பியிருந்தன. நாங்கள் மலை ஏறிய அன்றைய பக்கத்தில் அந்தப் படகுப் பள்ளங்களை அழகாக வரைந்திருந்தார். அதற்குக் கீழே வெடிப்பைப் பற்றி இரண்டு வரி: "உள்ளே கற்கள் இருக்கலாம். வழிபாட்டில் உள்ளது, கேட்கவில்லை."

எங்க வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு நோட்டை என்னிடம் கொடுத்தார். அவ்வளவுதான்.

சாயங்காலம் போன் செய்தேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கால்ல முள்ளு ஏறினப்பவே எனக்குத் தோணுச்சும்மா. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சது. சாமி விஷயமாச் சொன்னீங்க, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். சொல்லியிருக்கணும்."

அவருக்கும் சர்க்கரை. அதனால்தான் காபி வேண்டாம் என்றிருக்கிறார். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கோபமில்லையா சார் என்று கேட்டேன். இருந்துச்சும்மா என்றார். நோட்டை நினைச்சுத்தான் ஜாஸ்தி என்று எங்கள் பேச்சு மாதிரியே சொன்னார். பொருட்களை ஃபேக்டரியில் கழித்த மெல்லிய தோலில் சுற்றி, நாங்களே ரயில் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த வீட்டில் சர்க்கரை போடாத காபி கொடுத்தார்கள். குடித்தோம்.

செலக்‌ஷன் வேலையை நானே கேட்டு விட்டுவிட்டேன். இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன். என் மேஜைக்கு அந்தப் புதுப் பெண் வந்தாள். அவளிடம் நான் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். தெரியும் ஆன்ட்டி, நீங்க சாப்பாட்டை மேஜையிலேயே வச்சுச் சாப்பிட்டப்பவே தெரியும் என்று சிரித்தாள்.

இந்த வருஷம் சித்திரைக் கடைசி வெள்ளிக்கு அந்தச் சாரை நானே வரச் சொன்னேன். அடிவாரத்தில் டீக்கடைக்காரர் எழுந்து பெஞ்சைத் துடைத்துப் போட்டார். மலையில் வெடிப்புக்குப் பக்கத்தில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டிப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை, அவரே திரும்பிக்கொண்டார்.

கையை விட வேண்டியவள் ஓரகத்தி. உரிமையை அவளிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது அவள் வேண்டாம்க்கா என்றாள். அவளுக்கு அதன் மேல் ஒரு கண்ணும் இருந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வயிற்றுப் பக்கம் தடவு என்று மட்டும் சொன்னேன், வேறு எந்தக் குறிப்பும் கொடுக்கவில்லை. ரொம்ப நேரம் துழாவினாள். அப்புறம் முகம் மாறியது. ஒரு கல்லை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, இவருதான்க்கா என்றாள்.

எங்க வீட்டுக்காரர் மணியை அடித்தார். நான் இரும்மா என்றேன். கல் அவள் கையிலேயே இருக்க, நான் குனிந்து என் கன்னத்தை அதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான், ம், கழுவு என்றேன்.